இன்னொரு டேக்

செந்தில்நாதன் ஒரு காலத்தில் பந்தயக் கார் ஓட்டியவன் என்று சொன்னால், அவன் இயக்கும் தொடர்களில் நடிப்பவர்கள் நம்பமாட்டார்கள். வண்டியில் ஏறினால் பின்னிருக்கையில் போய் ஒடுங்கி உட்காருகிறவன். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவன். இடது முழங்கை முழுதாக நீளாது என்பதால்தான் ஓட்டுவதை விட்டுவிட்டான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

அவன் வளர்ந்தது நெய்வேலியில். அப்பா சண்முகசுந்தரம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் எஞ்சினியராக இருந்தவர். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் ஒரு பழைய பியட். அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு, அம்மாவின் காதில் விழாமல் இருக்க அந்த பியட்டைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து கிளப்பி, முத்தாண்டிக்குப்பத்துப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்குள் ஓடும் செம்மண் பாதைகளில் ஓட்டிப் பழகினான். தள்ளுவதற்குக் கூட வந்தவன் நெடுமாறன். வடக்குத்துக்காரன், செந்திலோடு ஒரே வகுப்பு. அப்பா இல்லாத வீடு. அம்மா மாணிக்கம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய் அவனையும் தங்கை எழில்மதியையும் வளர்த்தாள்.

நெடுமாறனுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையே இருந்ததில்லை. அவனுக்குப் பாதையைப் பார்ப்பதுதான் பிடிக்கும். ஒரு தடவை போய் வந்த வழியில் எந்தத் திருப்பம் எங்கே வருகிறது, எந்த இடத்தில் மண் இளகிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். செந்தில் முடுக்கிக்கொண்டு போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வருவான். பின்னாளில் செந்தில் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பந்தயங்களில் பெயர் வாங்கி, காட்டுப் பாதைகளில் நடக்கும் ரேலிகளுக்குப் போகத் தொடங்கியபோது, ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. வேறு யாரையும் அவன் யோசிக்கவே இல்லை. அப்போது நெடுமாறன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலெக்ட்ரீசியன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று மாணிக்கம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள். அவன் வேலையை விட்டுவிட்டுச் செந்திலோடு போனான். அவள் சமைத்துப் போட்டு அனுப்பிவைத்தாள்.

குடகுப் பக்கம் ஒரு காபித் தோட்டத்து மலைப்பாதையில், மழையில், அவர்கள் கார் பள்ளத்தில் விழுந்தது. ஓரத்து மண்ணை உள்ளே மழை அரித்திருந்தது, மேலே பார்த்தால் பாதை சரியாகவே இருந்தது. செந்தில் சரியான வேகத்தில்தான் திரும்பினான். நெடுமாறனும் சரியாகத்தான் சொல்லியிருந்தான். வழி சொல்கிறவன் மனதால் எப்போதும் ஒரு வளைவு முன்னாலேயே போய்க்கொண்டிருப்பான் என்பதால், கார் சரிந்த நொடியில் அவன் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். 'அடுத்து வலது, நீளமா வரும்' என்றான். அந்த வலது வளைவுக்கு அவர்கள் போகவே இல்லை. கீழே போய் நின்றபோது நெடுமாறனுக்கு உயிர் இல்லை. யார் மேலும் தப்பில்லை என்றுதான் விசாரித்தவர்கள் எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செந்திலுக்கு வேறு தொழில் தெரியாது. ஒரு படத்தில் கார் துரத்தும் காட்சிக்கு யோசனை சொல்ல யாரோ கூப்பிட்டார்கள். கேமராவை எங்கே வைத்தால் வேகம் தெரியும், எங்கே வைத்தால் செத்துப்போகும் என்று அவன் சொன்னதெல்லாம் அப்படியே பலித்தது. அந்தப் படத்தின் இயக்குநர் அவனைக் கூடவே வைத்துக்கொண்டார். உதவி இயக்குநராகச் சில வருடம். சொந்தமாக ஒரு படம் எடுத்தான், வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. பிறகு டெலிவிஷனுக்கு வந்தான். டெலிவிஷனில் அவனுக்கு நல்ல பெயர். ஒரு நாளைக்கு எடுக்க வேண்டியதை எடுத்துவிடுவான். கத்தமாட்டான். ஆனால் ஒரு காட்சி சரியாக வரும்வரை விடமாட்டான். நடிகர்கள் களைத்துப்போய் நிற்பார்கள், அவன் மெதுவான குரலில் "இன்னொரு டேக்" என்பான்.

நெடுமாறனின் கதையை எடுக்க வேண்டும் என்பது அவன் மனதில் ரொம்ப நாளாகக் கிடந்த ஆசை. வார இறுதியில் ஒளிபரப்ப ஒரு குறுந்தொடர் வேண்டும் என்று ஒரு சேனல் கேட்டபோது, இரண்டு நண்பர்கள், ஒரு கார் என்று சொன்னான். ஒத்துக்கொண்டார்கள். அது 2015. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் யூனிட்டோடு நெய்வேலிக்கு வந்து இறங்கினான்.

வந்த அன்றே வடக்குத்துக்குப் போனான். மாணிக்கம்மாளுக்கு இப்போது கண் மங்கியிருந்தது. கொட்டை உடைக்கும்போது தெறித்த பால் பட்டு விரல் நுனிகள் கருத்து உரிந்திருந்தன. எழில்மதி ஒரு கான்ட்ராக்ட் கேன்டீனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிக் கணவன் விட்டுப்போய், மறுபடி அம்மாவோடு வந்துவிட்டவள். செந்தில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். பெயரை மாற்றித்தான் எடுப்போம், ஆனால் கதை அவன் கதைதான், உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் இப்போதே விட்டுவிடுகிறேன் என்றான்.

"அவன் பேரு இந்த வூட்டத் தாண்டி யாருக்கும் தெரியாது தம்பி," என்றாள் மாணிக்கம்மாள். "நாலு பேரு பாக்கட்டும். எடு. நானும் ஒரு நாளு வந்து பாக்குறன்."

கடைசி நாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று செந்தில் வாக்குக் கொடுத்தான்.

நெடுமாறனாக நடிக்க வந்தவன் இளம்பரிதி என்று ஒரு கடலூர்ப் பையன். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவன், நல்ல நடிகன். செந்தில்தான் அவனை வடக்குத்துக்கு அனுப்பினான். போய் அந்த அம்மாவோடு இரு, அவன் எப்படிப் பேசுவான், எப்படிச் சிரிப்பான் என்று கேட்டுத் தெரிந்துகொள் என்றான். பையன் ஒரு வாரம் போய் வந்தான். மாணிக்கம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். பேசுவதற்கு முன் கீழுதட்டைக் கடிப்பான். 'டே செந்திலு' என்று கடைசி எழுத்தை இழுப்பான். வலித்தால் சிரிப்பான். முதல் நாள் மேக்கப் போட்டுக்கொண்டு இளம்பரிதி வந்து நின்று 'டே செந்திலு' என்றபோது செந்தில்நாதன் கேமராவுக்குப் பின்னால் போய் வெகுநேரம் ஏதோ சரிபார்ப்பதுபோல் நின்றான்.

படப்பிடிப்பு நன்றாகவே நடந்தது. நான்கு வருடம் முன்னால் அடித்த 'தானே' புயல் வீழ்த்திய முந்திரி மரங்களுக்குப் பதில் நட்டவை இப்போதுதான் ஆள் உயரம் தாண்டியிருந்தன. அந்தச் செம்மண் பாதைகளையே குடகாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தான். அவன் உடம்பில் பழைய உயிர் கொஞ்சம் திரும்பியிருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

முதல் இரண்டு வாரம் ஒளிபரப்பானதும் சேனலிலிருந்து ராஜேந்திரன் வந்தார். தொடர்களை மேற்பார்வை பார்ப்பவர், நிதானமாகப் பேசுகிறவர். பார்க்கிறவர்கள் குறைவு என்றார். கதை அழகாக இருக்கிறது, ஆனால் முடிவு சரியில்லை, மாற்ற வேண்டும் என்றார். மாற்றி எழுதியதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இருவரும் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள். பொறாமையில் நண்பன் வேண்டுமென்றே வளைவைத் தப்பாகச் சொல்கிறான். கார் விழுகிறது. சாகும்போது உண்மையை ஒப்புக்கொள்கிறான், ஹீரோ மன்னிக்கிறான்.

செந்தில் படித்துவிட்டு, இது நடக்கவில்லை என்றான்.

"தெரியும் சார். ஆனா மழையை வில்லனா வச்சு முடிக்க முடியாது. ஜனங்களுக்கு யார் மேலயாவது கோவம் வரணும். அப்புறம் மன்னிக்கணும். அப்பதான் அழுவாங்க."

செந்தில் முடியாது என்றான். ராஜேந்திரன் கோபப்படவில்லை. நீங்கள் எடுக்காவிட்டால் வேறு ஒருவர் வந்து எடுப்பார், எப்படியும் இதுதான் ஒளிபரப்பாகும் என்று மட்டும் சொன்னார். பெயர் மாற்றியிருக்கிறோம், முழுக்கக் கற்பனை என்று தொடக்கத்தில் போட்டுவிடுவோம், யார் என்ன நினைக்கப்போகிறார்கள் என்றார்.

வேறு ஒருவன் வந்தால் நெடுமாறனைக் கேவலமான வில்லனாக்கிவிடுவான், நான் எடுத்தால் கொஞ்சம் இரக்கத்தோடு எடுப்பேன். இப்படி யோசித்துத்தான் செந்தில் சம்மதித்தான். அந்த யோசனையில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது. ஏற்கனவே ஒரு தொழிலை இழந்தவனுக்கு இன்னொன்றையும் இழந்துவிட்டு வெறுங்கையோடு நிற்கத் தைரியம் வரவில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெளிப்புறக் காட்சிகளை முதலில் முடித்துவிட்டு, காருக்குள் நடக்கும் அந்தக் காட்சியைக் கடைசி நாளுக்குத் தள்ளவேண்டியதாயிற்று. முத்தாண்டிக்குப்பத்தில் ஓர் உபயோகமில்லாத முந்திரிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். மாணிக்கம்மாளுக்குக் கொடுத்த வாக்கு செந்திலுக்கு நினைவிருந்தது. மழையால் படப்பிடிப்பு நின்றுபோயிற்று, வரவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான்.

ஆனால் யூனிட்டுக்குச் சாப்பாடு எழில்மதி வேலை பார்த்த கேன்டீனிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கும் காலையில் எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று போன் வந்தது. மழை விட்டதால் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது, சொல்ல நேரமிருந்திருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு நல்ல புடவை ஒன்றைக் கட்டிவிட்டு, சாப்பாட்டு வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே எல்லோருக்கும் அவளைத் தெரியும். நடிகரின் அம்மா என்று நினைத்தோ என்னவோ, யாரோ ஒருவர் மாணிக்கம்மாளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

கொட்டகைக்குள் சக்கரமில்லாத ஒரு காரைக் கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். நான்கு பேர் அதைப் பிடித்து உலுக்கினார்கள், மேலே குழாயில் தண்ணீர் பீய்ச்சினார்கள். உள்ளே ஹீரோ ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். அவன் பக்கத்தில் இளம்பரிதி, நெற்றியில் ரத்தச் சாயம் வழிய. செந்தில்நாதன் கொட்டகை வாசலுக்கு முதுகு காட்டி மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

முதல் டேக்கில் ஒலி சரியாகப் பதியவில்லை. இரண்டாவதில் இளம்பரிதி வசனத்தை அவசரமாகச் சொல்லிவிட்டான். மூன்றாவது முறை அவன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, வலியில் சிரித்தபடி சொன்னான்: "டே செந்திலு... நான்தான்டா தப்பா சொன்னன். வேணும்னுதான் சொன்னன். என்ன மன்னிச்சுடுடா."

கதையில் ஹீரோவின் பெயர் செந்தில் இல்லை. பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது. டப்பிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று உதவி இயக்குநர் சொன்னான். செந்தில் திரும்பினான். அப்போதுதான் மாணிக்கம்மாளைப் பார்த்தான். மடியில் கைகளை வைத்துக்கொண்டு, மங்கிய கண்ணை இடுக்கி, காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் எழில்மதி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

அந்த நேரத்தில் அவன் எழுந்திருக்கவேண்டும். விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கவேண்டும். என்ன காரணமாவது சொல்லி அவளை வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். அவன் மனதில் இதெல்லாம் ஓடத்தான் செய்தது. ஆனால் காருக்குள்ளிருந்து இளம்பரிதி தலையை நீட்டி, சரியாக வந்ததா சார் என்று கேட்டான். சரியாக வரவில்லை. 'வேணும்னுதான்' என்ற சொல்லில் அவன் கண் ஒரு கணம் கேமராவைத் தொட்டுவிட்டு வந்தது. யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். செந்தில் கவனித்திருந்தான்.

"இன்னொரு டேக்," என்றான்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. அதற்குள் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது, கார் ஆட ஆரம்பித்துவிட்டது. இந்த முறை இளம்பரிதி பிரமாதமாகச் செய்தான். ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள்கூட மூக்கை உறிஞ்சினான். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ராஜேந்திரன் கைதட்டினார்.

செந்தில் மாணிக்கம்மாளிடம் போய்த் தரையில் உட்கார்ந்தான். அம்மா, இது நிஜமில்லை, சேனல்காரர்கள் சொல்லி எடுப்பது, நெடுமாறன் இப்படியெல்லாம் சொல்லவே இல்லை என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனான். அவள் கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. அவனுடைய நீளாத இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"எம்புள்ள ஒனக்கு இப்டிப் பண்ணிட்டானே தம்பி," என்றாள். "இத்தினி வருசமா நீ யாராண்டயும் சொல்லாம இருந்துகினு வந்திருக்க. எனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டன்னு."

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நீ நல்ல புள்ள. அப்பயும் அப்டித்தான் இருந்த." அவள் அழவில்லை. "அவன நானும் மன்னிச்சன்னு வச்சுக்க. நீயும் மன்னிச்சுடு."

அவன் மறுபடி மறுபடி சொன்னான். எவ்வளவு சொல்கிறானோ அவ்வளவும் அவன் பெருந்தன்மைக்குச் சாட்சியாகவே அவளுக்குப் பட்டது. கடைசியில் எழில்மதிதான் அவளைத் தூக்கி நிறுத்தினாள். மகளுக்கு உண்மை தெரியும். அண்ணனை அவளுக்குத் தெரியும். போகும்போது செந்திலைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மாவப் பாத்த பெறகுதான அண்ணா மறுபடியும் எடுக்கச் சொன்னீங்க?"

தொடர் முடிந்த வாரம் ராஜேந்திரன் சொன்னதுபோலவே நடந்தது. ஜனங்கள் கோபப்பட்டார்கள், மன்னித்தார்கள், அழுதார்கள். கடைசிப் பகுதியை மறுபடி ஒளிபரப்பினார்கள். வடக்குத்திலும் எல்லோரும் பார்த்தார்கள். முழுக்கக் கற்பனை என்று போட்டதை யாரும் படிக்கவில்லை. கூட ஓட்டியவனே எடுத்த படம், அவனுக்குத் தெரியாதா என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இதையெல்லாம் செந்திலுக்குப் போனில் சொன்னவன் இளம்பரிதி. பையனும் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகத் துணியவில்லை. வருடா வருடம் மகன் செத்த நாளில் படைத்துவந்த மாணிக்கம்மாள் இந்த வருடம் படைக்கவில்லையாம்.

செந்தில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சரிசெய்யப் பார்த்தான். இளம்பரிதியைச் சென்னைக்கு வரவழைத்தான். ஒரு பழைய கார், ஒரு கேமரா, தெரிந்த இரண்டு பேர். நடந்தது நடந்தபடியே எடுத்தான். மழை, காபித் தோட்டம்போல் ஒரு பச்சை, பக்கத்து இருக்கையில் நிதானமாக வழி சொல்லிக்கொண்டு வருகிறவன், 'அடுத்து வலது, நீளமா வரும்.' பிறகு இருட்டு. சில நிமிடங்கள்தான் ஓடும். அவனே உட்கார்ந்து வெட்டி ஒட்டினான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனான்.

மாணிக்கம்மாள் திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய் முழுதும் பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். செந்திலுக்கு நம்பிக்கை வந்தது.

"நல்லா இருக்குது தம்பி," என்றாள். "எம்மனசு ஆறணும்னு இவ்ளோ செலவு பண்ணி எடுத்துகினு வந்திருக்க."

"இதாம்மா நடந்துது. மொதல்ல எடுத்ததுதான் பொய்."

"அதுல அவன் மொவத்தப் பாத்தன். அதே சிரிப்பு. அதே மாதிரி ஒதட்டக் கடிச்சான். பொய்யா இருந்தா அப்டி வருமா?" அவன் தோளைத் தட்டினாள். "வுடு. சாப்புட்டுப் போ."

இரண்டாவது படத்தில் இளம்பரிதி சுமாராகத்தான் செய்திருந்தான் என்பது செந்திலுக்கும் தெரியும். முகம் பாதி நேரம் இருட்டில் இருந்தது, குரல் இயந்திரச் சத்தத்தில் அமுங்கியிருந்தது. நடந்தது அப்படித்தான் இருந்தது. சாகப்போகிறவன் என்று தெரியாதவன் சும்மா வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அதில் நடிக்க ஒன்றும் இல்லை.

சாதமும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள். சாப்பிட்டான். எழில்மதி ரோடுவரை கூட வந்தாள். அம்மா இப்போது ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை, தூக்கத்தில் மகனைத் திட்டுகிறாள், முன்பெல்லாம் அழுவாள், இப்போது திட்டுகிறாள் என்று சொன்னாள். குற்றம் சொல்லும் குரலாக அது இல்லை.

"இனிமே வராதீங்கண்ணா," என்றாள். "ஒங்களப் பாக்கும்போதெல்லாம் அவுங்களுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு தோணுது."

அவன் சரி என்றான். வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். டிரைவர் குள்ளஞ்சாவடி வழியாகப் போகலாமா என்று கேட்டதற்கு எப்படி வேண்டுமானாலும் போ என்றான். வழியில் ராஜேந்திரனிடமிருந்து போன் வந்தது. தினசரித் தொடர் ஒன்று தயாராக இருக்கிறது, குடும்பக் கதை, நீங்கள்தான் செய்யவேண்டும் என்றார். செந்தில்நாதன் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது ஆரம்பிக்கவேண்டும் என்று கேட்டான்.